திரும்பிப் போக ஒரு பட்டன்

"எவனோ கடிச்சுப் போட்ட பழத்தைப் பின்னாடி ஒட்டி வித்தா, அதை வாங்கிட்டு வர்றதுக்குன்னே நம்ம வீட்டுல ஒரு ஆளு!"

மகன் நீட்டிய புது ஐபோனை, செத்த கரப்பான்பூச்சியைத் தூக்குவது போல இரண்டே விரலால் தூக்கினாள் பெரியக்கா. பெற்ற பிள்ளையைத் தவிர உறவில் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். கணவரின் அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வயதுக் கணக்கு இல்லை, பயம்.

"உன் பழைய ஆண்ட்ராய்டு எந்த நிமிஷம் உயிரை விடும்னு தெரியாதும்மா."

"ஆறு வருஷமா குக்கர் ஆவி பட்டே பிழைச்சுக் கிடக்கு. நீ கண்ணு வைக்காம இருந்தா போதும்."

"உறையாவது பிடிச்சிருக்கா? நீலம்."

பிடித்திருந்தது. "நீலத்துல என்ன அதிசயம், ஊர்ல இல்லாத நீலமா?" என்றாள்.

மகன் இரண்டு போன்களையும் சாப்பாட்டு மேஜையில் ஜோடியாகப் படுக்க வைத்தான். புதியது ஒரு எண்ணைக் காட்டியது. அதைப் பழையதில் அடித்தான். திரையில் ஒரு கோடு நத்தையாக நகரத் தொடங்கியது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, பத்தேகால்.

"நம்பர் மாறிடாதே?" மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"மாறாதும்மா. யாராவது கூப்பிடுவாங்களா?"

"என்னை யாருடா கூப்பிடப் போறா? கூடப் பிறந்தவளே ரெண்டு வருஷமா கூப்பிடல!"

ஆரம்பித்துவிட்டாள். தங்கையின் கல்நெஞ்சு பற்றி உறவு முழுக்கத் தெரியும். பால்காரருக்கும் தெரியும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபோதும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

"இன்னும் பட்டன் போன்தான் வச்சிருக்காளாம் மகாராணி. பத்து பட்டன் அமுக்கினா விரல் தேய்ஞ்சு போயிடுமா?"

"நீ கூப்பிட வேண்டியதுதானே?"

"யாரு, நானா? எட்டு வயசு சின்னவ அவ. அவதான் கூப்பிடணும். நானே கூப்பிட்டா என் மரியாதை என்ன ஆகும்?"

இத்தனை மரியாதை உள்ளவள், ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போனால் போனையும் குளியலறை ஜன்னலில் கொண்டுபோய் வைப்பாள். கேட்டால் பாட்டுக் கேட்க என்பாள். அந்தப் போனிலிருந்து இதுவரை ஒரு பாட்டும் யார் காதிலும் விழுந்ததில்லை.

"காலை வணக்கம் ரோஜாப்பூவெல்லாம் வந்துடுமாடா?"

"நாலாயிரம் ரோஜாவும் வந்துட்டிருக்கு. அதான் இவ்வளவு நேரம். வேண்டியதெல்லாம் வரும்மா. வேண்டாதது ஒண்ணு ரெண்டு பழசுலயே நின்னுடும்."

பத்து ஐம்பதுக்குக் கோடு முடிந்தது. சிம்மையும் மாற்றிக் கையில் கொடுத்தான். பெரியக்கா எதையோ தட்டினாள், எங்கேயோ போனாள், அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

"திரும்பிப் போற பட்டன் எங்கடா?"

"இதுல கிடையாது. ஓரத்துல விரலை வச்சு இழும்மா."

"நல்லா இருக்கு! இத்தனை பெரிய கம்பெனி, திரும்பிப் போக ஒரு பட்டன் வைக்கத் தெரியல."

அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மணி பதினொன்று. திரையில் தங்கை.

இரண்டு வருஷமாகத் தயாரித்து வைத்திருந்த வசனம் பெரியக்காவின் தொண்டைவரை வந்தது. "யாரு?" என்றாள், பெயரைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா! எடுத்துட்டியா!" அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை தவறாம பதினோரு மணிக்கு அடிக்கிறேன்க்கா. ரெண்டு வருஷமா பிஸி பிஸின்னே வருது."

பெரியக்காவுக்குச் சட்டென்று அந்த நாள் ஞாபகம் வந்தது. புதிதாய்த் தைத்துப் போட்ட திரைச்சீலையைப் பார்த்து, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குக்கா" என்று தங்கை சிரித்த நாள். அன்றைக்கே தங்கையின் நம்பரைத் தேடி எடுத்து, பிளாக் என்று இருந்ததை ஓங்கி ஒரு தட்டு. ஒரு வாரம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அந்த ஒரு வாரம் முடிந்ததை மறந்தே போனாள்.

மேஜையில் கிடந்த பழைய போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள்.

"அதையேன் கேக்கறே!" குரலை உயர்த்தினாள். "பழைய போன் ஒரு சனியன்டி. ஒரு காலும் உள்ள வராது. நானும் இங்க நீ கூப்பிடலையேன்னு..."

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்க்கா. உன் மேல தப்பு இருக்குமா?"

"அதானே!"

பிறகு அரை மணி நேரம் சிரிப்பு, அழுகை, மறுபடி சிரிப்பு. திரைச்சீலையைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

"சரி வைக்கிறேன்க்கா. ஆமா, நீல உறைதானே வந்தது? உனக்குப் பிடிக்குமேன்னு கடைக்காரன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவன் சிவப்பை..."

பேச்சு நின்றது. "ஐயையோ" என்று ஒரு முணுமுணுப்பு. வைத்துவிட்டாள்.

பெரியக்கா நீல உறையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் கேபிளைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

"இதை வாங்கினது அவளாடா?"

"ம்."

"அப்போ... பழசுல நான் பண்ணி வச்சது?"

"போன மாசம் உன் போனைச் சரி பண்றப்ப நான்தான் பார்த்தேன். சித்திகிட்ட சொல்லிட்டேன். ஒரு தட்டு தட்டினா பிளாக் போயிடும், நானே எடுத்துடறேன்னும் சொன்னேன்ம்மா." கேபிளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "'வேண்டாம்டா, தெரிஞ்சா உங்கம்மா கூசிப் போயிடுவா. புதுப் போன் நான் வாங்கித் தர்றேன், பழி பழைய போன் மேல போகட்டும்'னுட்டாங்க."