பெயர் மறைத்த புகார்

தன்னார்வலர்கள் கூடி இலவச மென்பொருள் எழுதும் குழு அது. புதிதாகச் சேர்ந்த பெண், தனக்கு வந்த மின்னஞ்சலைப் புகாராக அனுப்பி, நியாயம் கிடைக்காவிட்டால் விலகிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நடத்தை விதிப்படி பெயர்களை மறைத்து, தலைவரிடம் அதை நீட்டினார் செயலாளர்.

“‘உன் புரோகிராமைப் பாத்தா குமட்டுது. போய்ப் பாத்திரம் கழுவு.’ சீ, வாயா இது, சாக்கடையா? இவனை இன்னைக்கே நீக்கும்மா.”

“பதிவு பண்ணிட்டா மாத்த முடியாது சார்.”

“அந்த விதியை எழுதினதே நான்தானேம்மா. பண்ணு.”

பதிவு செய்த பிறகு, செயலாளர் பெயர்களைத் திறந்து காட்டினார். அனுப்பியவர் தலைவரேதான். இப்படி எத்தனை பேருக்கு எழுதித் தள்ளினாரோ, தன் எழுத்தே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“நல்லாப் பாத்தா, இதுல ஒரு அக்கறையும் தெரியுதேம்மா.”

செயலாளர் எழுந்து நின்றார்.

“பதிவாயிடுச்சு சார். நீங்க போய்ப் பாத்திரம் கழுவுங்க.”