சம்பந்தி எழுதுகிறார்...

“யோவ், அந்த மனுஷன் அறுநூறு பேருங்கறாரு. நீ இன்னும் ‘மதிப்புக்குரிய’வையே தாண்டலியே!”

ராயா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் புருஷன் சினோவி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இஸ்ரேலில் அஷ்டோத் ஊரில் பல் செட் கட்டுகிறவர் அவர். எழுத்தையும் பல்லைப் போல ஒவ்வொன்றாகத்தான் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய ஒரே மகள் விகாவுக்கும் மரப்பட்டறை அம்ராமின் மகன் லிதோருக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எத்தனை பேரைக் கூப்பிடுவது, எந்த மண்டபம் என்பதை அப்பாக்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். அம்ராமின் பட்டறையில் ரம்பச் சத்தம் காதைப் பிளக்கும். போனில் பேச முடியாது. அதனால் வாட்ஸ்அப்பில்தான் பேச்சு, அதுவும் ஹீப்ருவில். சினோவிக்கு ஹீப்ரு பேச வரும். எழுதிப் பழக்கமில்லை. ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர், ரஷ்ய மொழியிலேயே காலத்தை ஓட்டிவிட்டார்.

காலையில் விகாதான் அவர் கைப்பேசியில் புதிதாக ஒரு விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தாள்.

“ரொம்ப சுலபம்ப்பா. இங்கிலீஷ் எழுத்தை அமுக்கினா அதே சத்தத்துக்கு ஹீப்ரு எழுத்து வந்து விழும். காதுக்குக் கேட்கற மாதிரி அமுக்குங்க, போதும்.”

சுலபமாம்! இங்கிலீஷ் எழுத்து எது எங்கே இருக்கிறது என்பதே சினோவிக்குத் தெரியாது. தேடிப் பிடித்து அமுக்கினாலோ, ஒரே சத்தத்துக்கு இரண்டு எழுத்து. விரலை அழுத்திப் பிடித்தால்தான் இரண்டாவது எழுத்து எட்டிப் பார்க்கும். எது சரி என்று யோசிப்பதற்குள் அதுவும் ஓடிப்போகும். தப்பும் தவறுமாக எழுதிச் சம்பந்தி முன்னால் மானத்தையும் வாங்கிக்கொள்ள முடியாது.

“நீயே அடிச்சுக் குடேன், விகா,” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“நல்லா இருக்கே! பெரியவங்க பேச்சுல கல்யாணப் பொண்ணு மூக்கை நுழைக்கலாமா?” என்று சொல்லிவிட்டு அவள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். கடற்கரையில் சின்னதாக ஒரு கல்யாணம் என்பதுதான் அவளுடைய ஆசை. அதை யார் காதில் வாங்கினார்கள்?

அறுநூறு பேர் என்பது சினோவிக்குக் கட்டுப்படியாகாதுதான். ஆனால் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லி அவருக்கு வழக்கமே இல்லை. மறுத்துப் பேசி, சம்பந்தம் முறிந்துபோனால் பெண் முகத்தில் எப்படி விழிப்பது? ‘மதிப்புக்குரிய அம்ராம், எங்களுக்கு முழுச் சம்மதம்.’ இவ்வளவுதான் எழுத நினைத்தார்.

டிங் என்றது கைப்பேசி.

‘என்ன சம்பந்தி, ரொம்ப நேரமா “எழுதுகிறார்... எழுதுகிறார்...”னே காட்டுது? பெரிய கடுதாசியா வருதோ? அறுநூறு அதிகம்கறீங்க. புரியுது. நானூறு?’

“ஐயையோ, நான் ஒண்ணுமே சொல்லலியே!” சினோவி பதறிப்போய், அடித்ததை அழித்துவிட்டு மறுபடியும் ‘மதிப்புக்குரிய’விலிருந்து ஆரம்பித்தார்.

டிங்.

‘இன்னுமா எழுதறீங்க? சரி, முந்நூறு, என் உயிர்ச் சம்பந்தி! என் ஒண்ணுவிட்ட தம்பிங்க குடும்பம் மொத்தத்தையும் கழிச்சாச்சு.’

“சொந்தக்காரங்களையே கழிக்கறாராம்!” ராயா அலறினாள். “நாளைக்கு அத்தனை பழியும் நம்ம பொண்ணு தலையில விடியும். நிறுத்துய்யா உன் எழுத்தை!”

சினோவி பயந்துபோய் விரலை எடுத்துவிட்டார்.

டிங்.

‘எழுதறதையே நிறுத்திட்டீங்களே, கோபமா? மண்டபமே வேண்டாம், சம்பந்தி. கடற்கரை. நூறு பேர். என் மச்சான் பையன் பாடறதா இருந்தான், அவனையும் வர வேண்டாம்னுட்டேன். அவன் பாட்டை எங்கேயோ கேட்டுட்டீங்க, அதான் உங்களுக்கு இவ்வளவு கோபம்.’

சினோவி அவசரமாக மறுபடியும் பலகையில் விரலை வைத்தார். அது தவறி எங்கேயோ பட்டு, ‘மதிப்புக்குரிய’ என்ற ஒற்றை வார்த்தை மட்டும் அம்ராமுக்குப் போய்ச் சேர்ந்தது.

ராயா சோபாவில் சாய்ந்துவிட்டாள். “போச்சு. எல்லாம் போச்சு. கல்யாணத்துக்கே முழுக்குப் போட்டுட்டே.”

சினோவி கண்களை மூடிக்கொண்டார். அப்புறம்தான் டிங் என்றது.

‘நெஞ்சைத் தொட்டுட்டீங்க, சம்பந்தி. அவ்வளவு நேரம் என்னைத் திட்டி எழுதினதை எல்லாம் அழிச்சுட்டு, மரியாதையை மட்டும் அனுப்பியிருக்கீங்க. நூறு பேர், கடற்கரை. இதுக்கு மேல பேச்சில்லை!’

சாயங்காலம் லிதோர் வந்தான். வாசலிலேயே சினோவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“மாமா, எங்க அப்பாவை மடக்கின முதல் ஆள் நீங்கதான். ‘அந்த ஆளு வாயைத் திறக்காமலே நம்மளைக் கவுத்துட்டாரு’ன்னு பட்டறை முழுக்கச் சொல்லிட்டுத் திரியறாரு.”

“தம்பி, சத்தியமா நான் எதையும் மறுக்கலைப்பா! ‘சரி’ன்னு சொல்லத்தான் உசிரை விட்டேன். இந்தப் பாழாப்போன பலகைதான் என்னைச் சொல்லவே விடலை. இதைவிட லேசா வேற எதுவும் இல்லையா?”

“இதென்ன பிரமாதம், மாமா? வாயால சொன்னா அதுவே எழுதிக்குமே! மைக் பொத்தான் ஒண்ணு இருக்கணுமே... அட, யாரோ அதை எடுத்துவிட்டிருக்காங்க. குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்.”

பால்கனியிலிருந்த விகா பாய்ந்து வந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தொடாதே, லிதோர்! அதை எடுத்துட்டு, இருக்கறதுலயே கஷ்டமான பலகையாத் தேடிப் பிடிச்சு அப்பாவுக்குப் போட்டுக் குடுத்ததே நான்தான். நாம எந்த வீட்டுல குடியிருக்கறதுன்னு உங்க அப்பா இன்னும் பேச்சையே எடுக்கலை!”