ஒத்திகை நோயாளி

ஆடு அபுல் ஹஸனின் நெற்றியை நக்கத் தொடங்கியது.

இரத்தத்துக்குப் பதிலாக ரோஸ் சர்பத்தை ஊற்றியிருந்தார்கள்.

சிரிக்கக் கூடாது. அசையவும் கூடாது. மினிபஸ் அடித்து மயங்கிக் கிடக்கும் ஆள் அவன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே, மதகடியில் கிடந்தான்.

இரண்டு ஊர் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து நடத்தும் முதல் ஒத்திகை. எந்த ஊர் ஆள் என்று பாராமல், முதலில் வரும் அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். டொக்டர் செபரட்ணம் விசில் ஊதுமுன் ஏற்றிவிட்டால் திட்டம் நிலைக்கும். இல்லாவிட்டால் மேலிடம் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிடும்.

நடிக்க ஆள் கேட்டதும் முதலில் கையை உயர்த்தியது கூட்டுறவுச் சங்க லிகிதரான அவன்தான். திட்டம் நிலைக்க வேண்டும். அவனுக்கு அது போதும்.

இது ஒத்திகை என்று பிட்டு விற்கும் பாத்தும்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"மௌத்தாகப் போறான் வாப்பா! கிப்லாவுக்குத் திருப்புங்க!"

நாலைந்து பேர் பாய்ந்து அவன் முகத்தை மக்கா இருக்கும் திசைக்குத் திருப்பினார்கள். அதில் அவன் கால் ஒன்று தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் போனது. பாத்தும்மா அவன் காதில் கலிமா சொன்னாள். ஆடு கன்னத்துக்கு மாறியது.

அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

வடக்கு வண்டிக்குச் சாரதி காலிதீன். தெற்கு வண்டிக்கு சில்வெஸ்டர். எல்லைச் சண்டையை விட்டு ஒத்துப்போகச் சொல்லி, முந்தின நாள் கூட்டத்தில் இருவரும் நன்றாக ஏச்சு வாங்கியிருந்தார்கள்.

"நீங்கதான் முந்தி வந்தீங்க காக்கா, நீங்க ஏத்துங்க" என்றான் சில்வெஸ்டர்.

"சே, நீங்க ஏத்துங்க தம்பி. எங்களுக்கு என்ன அவசரம்?" என்றார் காலிதீன்.

கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுபவர்கள் கடைசி இறைச்சித் துண்டை மற்றவர் பக்கம் தள்ளிவிடுவதுபோல, ஆளுக்காள் அவனைத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் இறங்கின. இரண்டும் மரியாதையாகப் பின்வாங்கின.

அபுல் ஹஸன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். டொக்டரின் விசில் வாய்க்குப் போய்விட்டது.

மயங்கிக் கிடந்தவன் எழும்பினான். சாரத்தை இறுக்கிக் கட்டினான். கிட்ட நின்ற வண்டிக்குள் தானே ஏறி, மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

பாத்தும்மாவின் பிட்டுக் கூடை தெருவில் விழுந்தது.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டொக்டரும் சிரித்தார். விசிலை ஊதாமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டி புறப்பட்டது. உள்ளே அபுல் ஹஸன் சிரிக்கவில்லை.

போன நோன்பு மாதம் இதே மதகடியில் இரண்டு வண்டிகளும் வந்து நின்று, ஆள் யாருடைய எல்லைக்குள் கிடக்கிறது என்று சண்டை பிடித்தன.

அன்று அவன் மனைவி றபீக்காவால் எழும்பி ஏற முடியவில்லை.