காட்டுக்கு மேலே ஓடும் கரண்ட்

பொழுது சாய்கிறது. மருதாசலத்தின் மாட்டுக் கொட்டகைக்கு மேலே உயர்மின் கம்பி விடாமல் இரைகிறது. போன ஈத்தில் செத்த கன்றை ஈன்ற எருமை, மறுபடியும் சினையாகி, அதன் கீழே உடம்பைச் சிலிர்த்து நிற்கிறது. கம்பியைத் தள்ளிப் போடச் சொல்லி மருதாசலம் கொடுத்த மனுவுக்காக வந்த அதிகாரி, அளக்கும் கருவி எதுவும் இல்லாமல், அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, 'பாதிப்பு இல்லை' என்று எழுத ஆரம்பிக்கிறார். "ஏனுங்க, சனிக்கிரகத்து நிலாவுல மிசினை இறக்கி, அங்கத்த காத்துல கரண்ட் எத்தனைன்னு அளந்தாங்களாமா. எங்கூட்டுக் காத்தை அளக்க ஒரு மிசினில்லீங்களா?" என்கிறார் மருதாசலம். "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சிங்க, பெரியவரே." மருதாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுவரோரம் கிடந்த பழைய டியூப்லைட்டை எடுத்து, கம்பிக்கு நேரே நிமிர்த்தி, அதிகாரியின் கையில் திணிக்கிறார். ஒயரில்லாமலே அது வெள்ளையாக எரிகிறது. "கெட்டியாப் புடிங்க சாமி. அந்த வெளிச்சத்துலயே எழுதுங்க, இங்க ஒண்ணுமில்லைன்னு."