ஈர எடை

“முதல்ல பணத்தைக் கட்டிட்டு வாங்கம்மா. அப்புறம் நியாயத்தைப் பேசலாம்.”

மேல்முறையீட்டு அலுவலகத்துக் குமாஸ்தா கண்ணாடித் தடுப்பின் அடியில் மனுவை வெளியே தள்ளினார். அக்கா அதைத் தொடவில்லை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் லாண்டரியை நடத்துகிறவள் அவள். வேலைக்காரர்கள், வேன்காரர்கள், விடுதி மேனேஜர்கள் எல்லாருக்குமே அவள் அக்காதான்.

“போட்ட வரியே தப்புன்னு சொல்லத்தானே வந்திருக்கேன்?”

“அப்படிச் சொல்றதுக்குத்தான் கட்டணும். கேட்ட வரியில பத்துல ஒரு பங்கு. ஜெயிச்சா திருப்பிக் குடுத்துடுவாங்க.”

“எப்போ?” என்றான் கூட வந்த அவள் தம்பி. குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நடந்தது இதுதான். விடுதிகளிலிருந்து விரிப்புகள் காய்ந்து வரும்; அந்த எடைக்குத்தான் கூலி. துவைத்துப் பிழிந்த பிறகு வேறொரு தராசில் இன்னொரு முறை எடை போடுவார்கள், உலர்த்தும் மிஷினுக்குப் பாரம் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக. சோதனைக்கு வந்த வரி அதிகாரி, சோப்பு வாசனை ஆகவில்லை என்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, அந்த இரண்டாவது தராசின் பக்கத்திலேயே நின்றார். ஈரத் துணியின் எடையைக் குறித்துக்கொண்டார். அவ்வளவு துணிக்குக் கூலி வாங்கிவிட்டுப் பாதியை மறைத்ததாக உத்தரவும் எழுதிவிட்டார்.

அது தண்ணீரின் எடை என்று அக்கா அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கைக்குட்டையை எடுக்காமலே, “சுருக்கமா சொல்லுங்க, சுருக்கமா சொல்லுங்க” என்று அவசரப்படுத்தி, கடைசியில் எதுவானாலும் மேல்முறையீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஜீப்பில் ஏறிப் போனார்.

அந்த மேல்முறையீட்டு வாசலில்தான் இப்போது பணம் கேட்கிறார்கள்.

வேனில் ஏறியதும் தம்பி பொரிந்து தள்ளினான். அடித்தவனிடம் ஏன் அடித்தாய் என்று கேட்கக்கூட இங்கே காசு கொடுக்க வேண்டுமா, இதெல்லாம் ஒரு சட்டமா என்று வழி நெடுகப் பேசினான். வழக்கமாக அவன் வாயை அடக்குகிறவள் அன்றைக்கு அடக்கவில்லை. அவளுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. வாங்குகிற காசுக்கு ரசீது போட்டு, தவணை தவறாமல் வரி கட்டிவந்தவள். அவளைப் போய்த் திருடி என்று எழுதிவிட்டார்களே.

கையில் இருந்தது கூலிக்கும் வாடகைக்கும்தான் சரியாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, உலர்த்தும் மிஷினுக்கு ஆள் பார்க்கச் சொன்னாள்.

“அதை வித்துட்டுத் துணியை எதுல காயப் போடுவே?”

“மொட்டை மாடி இருக்கு. கயிறு இருக்கு.”

“மழை வந்தா?”

“வரட்டும். வேற ஒரு மனுஷன் காதுல இது ஒரு தடவை விழுந்தாப் போதும்டா. தண்ணிக்கு வரி போட முடியாதுன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்த ஆளுக்குத்தான் காது இல்லை. மேல இருக்கிறவருக்குமா இல்லாமப் போயிடும்?”

மிஷின் போனது. பணம் கட்டியாயிற்று. சொல்லி வைத்தது போல மழையும் பிடித்துக்கொண்டது. ஈரம் உலராத விரிப்புகளைப் பெரிய விடுதிக்காரர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை வேறு லாண்டரிக்குப் போய்விட்டார்கள். இஸ்திரிப் பெட்டி போடுகிற இரண்டு பெண்களை நிறுத்த வேண்டி வந்தது. அக்கா அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்களே.

அன்றைக்குக் காலையில் காய்ந்த விரிப்பு ஒன்றையும், அதே அளவில் நனைத்துப் பிழிந்த விரிப்பு ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டாள். தம்பி கைத்தராசைத் தூக்கிக்கொண்டான். வாயால் சொல்லிப் புரியாவிட்டாலும் கண்ணால் பார்த்தால் புரியும் அல்லவா?

குமாஸ்தா இந்த முறை நாற்காலி போட்டார். பணம் கட்டினவர்களுக்கு அங்கே மரியாதை இருந்தது. மேல்முறையீடுகளை விசாரித்துவந்த பழைய அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றும், அவர் யாரையும் பேசவே விடமாட்டார் என்றும் ரகசியம் போலச் சொன்னார்.

“உங்களுக்கு நல்ல நேரம்மா. புதுசா வந்திருக்கிறவர் பதவி உயர்வுல வந்தவர். ஒவ்வொரு மனுவையும் முழுசாப் படிக்கிறார்.”

அக்காவுக்கு மிஷின் போன துக்கம்கூட ஒரு நிமிடம் மறந்துபோனது. பையைத் திறந்து ஈர விரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகவே கனத்தது.

“பார்த்தியா?” என்றாள் தம்பியிடம். “கேக்கறதுக்கும் ஆள் இருக்காங்க.”

பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி அவளுடைய மனுவின் மேல் குனிந்திருந்தார். பையிலிருந்து சோப்பு வாசனை அறையில் பரவியது. அவர் குனிந்தபடியே சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“உக்காருங்கம்மா. உத்தரவை நல்லாத் தெளிவாத்தானே எழுதியிருந்தேன்?” என்றார் அவர், தலையை நிமிர்த்தி. “அதுல என்ன தப்பு? சுருக்கமா சொல்லுங்க.”