கத்திரிக்கு வந்த வேலை

எதிர்வீட்டுக்காரரின் நீளமான பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் சலூன்காரருக்குக் கை துறுதுறுக்கும். இன்று அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சலூன்காரருக்கு வாயெல்லாம் பல்.

"இன்னிக்கு மழை கொட்டப்போகுது சார்! எத்தனை வருஷமா வளர்க்கிறீங்க?"

"யாருங்க கணக்கு வெச்சா? ஒட்ட வெட்டிடுங்க."

"நீங்க சாமியாராப் போகப்போறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

பின்னலைப் பிரிக்கப் பார்த்தார் சலூன்காரர். அது அசைந்து கொடுக்கவில்லை.

"யப்பா, என்ன இறுக்கம்! யார் சார் பின்னினது?"

"என் வீட்டுக்காரிதான். பக்கவாதத்துல அவ கை விழுந்துபோச்சு. விரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னார். நான் என் தலையைக் குடுத்தேன்."

சலூன்காரரின் கத்திரி அந்தரத்தில் நின்றது. "அப்புறம் ஏன் சார் வெட்டச் சொல்றீங்க?"

அவர் பின்மண்டையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"காலையில அவ பின்னினப்போ, முதல் தடவையா வலிச்சுதுங்க!"