ஆறு பாத்திரம் வெந்நீர்

தாள் மடிக்கிற வேலைக்கு வந்தவர்களிடம், முதலில் கையை நனைத்துவிட்டு வாங்க என்று யாராவது சொல்வார்களா, நீங்களே சொல்லுங்கள்?

அந்த பைண்டிங் பட்டறையில் சொன்னார்கள். சொன்னது மேற்பார்வை பார்க்கிற அக்கா.

தாளுக்கும் ஈரத்துக்கும் ஆகவே ஆகாது. தாகம் என்றால்கூட வெளியே போய்த்தான் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், திங்கட்கிழமை காலை, மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் ஆறு பாத்திரங்களில் வெந்நீர் ஆவி பறக்க நின்றது. மடிக்கிறவர்கள் ஆறு பேர்.

“எல்லாரும் பத்து நிமிஷம் கையை ஊற வைங்க. நல்லா ஈரம் போகத் துடைச்சிட்டு அப்புறம் தாளைத் தொடுங்க,” என்றாள் அக்கா. வழக்கம்போல அவளுடைய இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள்.

“எதுக்குக்கா?” என்றாள் பட்டறையின் வாயாடி.

“கையில பிசுக்கு. பக்கமெல்லாம் ரேகை விழுது.”

“பிசுக்குக்கு சோப்பு போதாதா? ஊற வைக்க நாங்க என்ன அழுக்குத் துணியா?”

எல்லோரும் சிரித்தார்கள். குருவி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுடைய வேகத்தைப் பார்த்து வைத்த பேர் அது. அச்சாகி வருகிற பெரிய தாளை அவள் பதினாறு பக்கமாக மடிப்பது, பறவை சிறகை மடக்குகிற மாதிரி இருக்கும்.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகக் காலை நேரத்தில் விரல்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு கையும் ஒரே மாதிரி விறைத்துக்கொள்ளும். விரல் முட்டிகள் வீங்கி, தொட்டால் சுடும். மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட முடியாமல், “பெரிய பிள்ளை ஆயிட்ட, நீயே போட்டுக்கோ” என்று சமாளிப்பாள். பதினோரு மணிக்கு மேல் விரல்கள் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்துவிடும்.

அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேகம் போச்சு என்று தெரிந்தால் வேலையும் போய்விடும்.

‘நம்ம கையைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சட்டம்’ என்று நினைத்தாள். பயந்துகொண்டே கைகளை வெந்நீரில் விட்டாள்.

சூடு மெல்ல மணிக்கட்டு வழியாக ஏறியது. ஆவிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் பாலாகக் கலங்கியது. அடுக்கி வைத்த தாள்கள் ஒவ்வொன்றாக எழுந்து மிதக்கிற மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் விரல்கள் யாருடைய விரல்களோ போலச் சோம்பலாக ஒவ்வொன்றாய் விரிந்தன. அவளும் அவற்றோடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

“தூங்கிட்டியாடி?” என்று வாயாடி இடித்த பிறகுதான் பட்டறை திரும்பி வந்தது.

தினமும் இதே கதை. தினமும் அக்கா வந்து குருவியின் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பாள்.

“வெந்நீர் மகாராணி. கையைப் பைக்குள்ள வச்சுக்கிட்டே அதிகாரம். தான் ஒரு தாளைத் தொடுவாளா?” என்று வாயாடி முணுமுணுப்பாள். குருவியும் தலையாட்டுவாள்.

வியாழக்கிழமை முதலாளியே வந்து சத்தம் போட்டார். “தாள் வேலையில தண்ணியா? கால் மணி நேரம் வேற வீணாப் போகுது.”

“வேலை குறைஞ்சா என்னைக் கேளுங்க சார்,” என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, குருவி கையைத் துடைத்த கையோடு அக்கா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“காலையில எவ்வளவு நேரம் விறைச்சுக்கிட்டு இருக்கு?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.”

“மோதிரம் எங்க?”

“இறுக்கமா இருக்கு... கழற்றி வச்சிட்டேன்.”

“தண்ணி பாட்டிலைப் பல்லால திறக்கிற. டம்ளரை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்கிற. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

குருவிக்குக் கண் நிறைந்துவிட்டது. “வேலையை விட்டு எடுத்துடாதீங்கக்கா.”

“எடுக்கிறதா இருந்தா எனக்கு ஆறு பாத்திரம் எதுக்குடி? உனக்கு மட்டும் ஒண்ணு வச்சா, மத்த அஞ்சு பேரும் உன் கையைத்தானே பார்ப்பாங்க.”

குருவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெந்நீர் விறைப்பைத்தான் இளக்கும், நோயைத் தொடாது. மூட்டுவாதமா இருக்கலாம். சின்ன வயசுல வராதுன்னு நினைக்காத. மூட்டு டாக்டரைப் பாரு, ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு. ஆரம்பத்துலயே மருந்து எடுத்தா விரலைக் காப்பாத்திடலாம். இன்னிக்கு மத்தியானமே போ, லீவு தர்றேன்.”

“உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?”

அக்கா கோட்டுப் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். விரல்கள் எல்லாம், காற்று அடித்துச் சாய்த்த செடிகள் மாதிரி, ஒரே பக்கமாகக் கோணிக் கிடந்தன.

லீவுச் சீட்டைப் புறங்கையால் முன்னால் தள்ளினாள்.

“உன் கை இப்ப இளகியிருக்கும்ல? நான் கையெழுத்துப் போடணும். இந்தப் பேனா மூடியைக் கொஞ்சம் கழற்றிக் கொடும்மா.”